திரைக்குள் சின்னக்குட்டி

வைத்திலிங்கம் குடும்பம் வாசிகசாலைக்குக் கொடுத்த திரையில் தேருக்குச் சில்லு இல்லை.

போன வருஷத் தேரோட்டக் காணொளியைச் சோதனைக்காக ஓடவிட்டிருந்தார்கள். கலசம் தெரிந்தது. மரக்குதிரைகள் தெரிந்தன. வடம் பிடித்தவர்களின் தலைகளும் தெரிந்தன. அதற்குக் கீழே சக்கரங்களோடு எல்லாம் திரையின் அடிவிளிம்போடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

"தேர் பறக்குது போலை," என்றார் கதிர்காமு.

கதிர்காமு வாசிகசாலைத் தலைவர். அவருடைய குடும்பமும் வைத்திலிங்கத்தின் குடும்பமும் மூன்று தலைமுறையாகப் போட்டிக்கு நயினாதீவுக்கு நன்மை செய்து வந்தவை. ஒருவர் கிணறு கட்டினால் மற்றவர் தொட்டி கட்டுவார். ஒருவர் வாசிகசாலைக்கு மணிக்கூடு கொடுத்தபோது மற்றவர் அதைவிடப் பெரிய மணிக்கூட்டை எதிர்ச்சுவருக்குக் கொடுத்தார். இரண்டும் இன்றுவரை வேறு வேறு நேரத்தையே காட்டுகின்றன.

நாளைக்குத் தேர். கூட்டத்தில் நிற்க ஏலாத வயதானவர்கள் வாசிகசாலை மண்டபத்தில் கதிரையில் இருந்தபடி தேரைப் பார்க்க வேண்டும் என்றுதான் கனடாவிலிருந்து வைத்திலிங்கத்தின் தம்பி திரை அனுப்பியிருந்தார். 'அமரர் சின்னக்குட்டி ஞாபகார்த்த உபயம்' என்று தகப்பன் பெயரில் சலவைக்கல்லும் சுவரில் பதித்தாகிவிட்டது.

"நாளைக்குக் காலமை தேருக்குச் சில்லு வரவேணும், வைத்திலிங்கம்," என்றார் கதிர்காமு. "வராட்டிக் கல்லைக் கழட்டிக் கையிலை தருவம். பழைய சாமான் அடுக்கிறதுக்கு இது சந்தை இல்லை."

"பழசெண்டு ஆர் சொன்னது?"

"படம் சொல்லுது. என்ரை மருமோன் பாரிசிலை இருந்து ஒண்டு அனுப்பியிருக்கிறான், அது வரட்டும், அப்ப பாரும், குடுக்கிறதெண்டால் என்னெண்டு."

"கல் பதிச்ச இடத்திலைதான் இருக்கும். கழட்டிறதெண்டால் சுவரோடை கழட்டும்," என்றார் வைத்திலிங்கம்.

வைத்திலிங்கம் ஓய்வுபெற்ற தபால் அதிபர். தன்னுடைய காலத்தில் ஒரு பார்சல்கூட ஆள் மாறிப் போனதில்லை என்று நாளுக்கொரு தடவையாவது சொல்லுவார். போன கிழமை வள்ளக்காரன் ஜெனிஸ்ரன் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து இந்தப் பெட்டியை வள்ளத்தில் கொண்டுவந்தபோது, கடல் தண்ணீர் அடித்து மேலே இருந்த விலாசம் கரைந்துபோயிருந்தது.

"ஒருக்கால் தம்பியாருக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கோவன், மாஸ்ரர்," என்று ஜெனிஸ்ரன் சொன்னான்.

"பார்சலைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தாறியோ? இந்தக் கயிற்றுக் கட்டைப் பார். எங்கட குடும்பக் கட்டு. இறக்கு."

ஜெனிஸ்ரன் இறக்கிவிட்டுப் போனான்.

இப்போது வைத்திலிங்கம் மகளைக் கூப்பிட்டார். இந்துஜா கொழும்பில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்பவள், திருவிழாவுக்கு லீவில் வந்திருந்தாள். மடிக்கணினியைத் திரையோடு கொளுவிப் பத்து வரியில் ஒரு சின்ன நிரல், ஸ்கிறிப்ற், எழுதி ஓடவிட்டாள். திரையின் விபரங்கள் எண்களாக ஓடி வந்தன. அவற்றை அதே ஸ்கிறிப்ற் ஒவ்வொன்றாகச் சொல்லாக்கிக் கீழே எழுதியது.

"அப்பா, ஸ்கிறீன் பொய் சொல்லுது."

"என்ன கதை இது?"

"வயரைக் கொளுவின உடனை ஸ்கிறீன் தன்ரை விபரத்தைக் கணினிக்குச் சொல்லும். படம் கீற எனக்கு இத்தினை வரி, ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எண்டு. அதெல்லாம் எண்ணாத்தான் உள்ளுக்கை எழுதிக் கிடக்கும். இது தன்னட்டை இருக்கிறதை விடக் கூட வரி சொல்லுது. கணினியும் நம்பி அனுப்புது. மிச்ச வரிக்கு இடமில்லை. அதுதான் சில்லு இல்லை."

"எங்கட தம்பி தந்த சாமான் பொய் சொல்லாது. கணினிதான் பிழையாக் கேட்டிருக்கும்."

இந்துஜா பெருமூச்சு விட்டுப் பெட்டிக்குள் இருந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். "முழுக்கப் பிரெஞ்சிலை கிடக்கு, அப்பா."

"கனடாவிலை பிரெஞ்சும் கதைக்கிறவை."

"சித்தப்பா ரொறன்ரோவிலை எல்லோ?"

"ரொறன்ரோ கனடாவிலைதானே கிடக்கு? வேலையைப் பார், பிள்ளை."

அவள் வரிக் கணக்கைத் திருத்தித் திரையின் நினைவகத்துக்குள் திரும்ப எழுதினாள். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு தேர் முழுதாக, சில்லோடு வந்தது. ஆனால் பெரிய கறுப்புத் திரையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குத்தான் வந்தது.

பின்னால் நின்ற கதிர்காமு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போஸ்ற் மாஸ்ரர் வீட்டு ஸ்கிறீன் எல்லோ. தேரும் முத்திரையாப் போச்சு."

"முத்திரை எண்டாலும் முழு முத்திரை," என்றார் வைத்திலிங்கம். குரல் இறங்கவில்லை.

"மாமா, ஒரு நிமிசம் பொறுங்கோ," என்றாள் இந்துஜா. "கடைசியிலை சரிபார்க்கிற எண் ஒண்டு இருக்கு. எல்லாத்தையும் கூட்டினால் கணக்கு அதோடை ஒத்துவரவேணும். நான் நடுவிலை மாத்தினதாலை ஒத்துவரேல்லை. கணினி எல்லாத்தையும் தள்ளிப்போட்டுத் தனக்குத் தெரிஞ்ச சின்னப் படத்தைத் தருது."

அந்த எண்ணையும் மாற்றினாள். தேர் திரையை நிறைத்தது. சில்லுக்கு அடியில் போடுகிற முட்டுக்கட்டைகூடத் தெரிந்தது.

வைத்திலிங்கம் கதிர்காமுவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையோடு காரியம் முடிந்திருக்க வேண்டும். கதிர்காமு விடவில்லை.

"பிள்ளை, இந்த எண் எல்லாம் சொல்லுமெண்டால், சாமான் எந்த வருஷம் செய்ததெண்டும் சொல்லுமோ?"

"ஓம் மாமா, சொல்லும்," என்று இந்துஜா வாயை விட்டாள்.

"நல்லது. பின்னேரம் கமிற்றியைக் கூட்டிக்கொண்டு வாறன். எல்லாருக்கும் பெருசாக் காட்டு."

"வாரும்," என்றார் வைத்திலிங்கம். "காட்டுறம்."

கதிர்காமு போனதும் இந்துஜா மடிக்கணினியைத் தகப்பன் பக்கம் திருப்பினாள். செய்த வருஷம்: 2011.

வைத்திலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மாத்து."

"அப்பா."

"வரியை மாத்தினாய். வருஷத்தை மாத்த ஏலாதோ?"

"ஏலும். தொண்ணூறாம் ஆண்டிலை இருந்து எத்தினை வருஷம் எண்டு ஒரு எண். இருபத்தொண்டு எண்டு கிடக்கிறதை முப்பத்தைஞ்சு ஆக்கினால் சரி. ஆனால் அது பொய். வரியிலை நான் பொய்யை எடுத்தனான். இதிலை பொய்யை வைக்கச் சொல்லுறியள்."

"பொய்யில்லை, மானம்."

"சித்தப்பாவுக்கு ஃபோன் எடுத்துக் கேப்பம். அவரை ஆரும் ஏமாத்திப்போட்டினமோ தெரியாது."

"குடுத்தவனிட்டையே பழசைக் குடுத்தியோ எண்டு கேக்கிறதோ? அப்பிடிக் கேக்கிற குடும்பமோ நாங்கள்? மாத்து."

இந்துஜா மாற்றினாள். கூடவே கடைசி எண்ணையும் சரிசெய்தாள். இனிமேல் தன்னை ஒன்றும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வாசிகசாலைக் குசினிக்குத் தேத்தண்ணி போடப் போனாள்.

தனியே நின்ற வைத்திலிங்கத்தின் கண்ணில் மடிக்கணினியில் இன்னொரு வரி பட்டது. பெயர்: என்று போட்டு, அதற்கு நேரே ஏதோ ஒரு கொம்பனியின் எழுத்துகள். சலவைக்கல்லைக் கழற்றலாம். திரைக்குள்ளே எழுதினால் எவன் கழற்றுவான்? தபால் கந்தோரில் தமிழ்த் தட்டச்சுப் பழகிய விரல்கள் அவருடையவை. மடிக்கணினியிலும் தமிழ் இருந்தது. கொம்பனிப் பெயரை அழித்துவிட்டு 'அமரர் சின்னக்குட்டி ஞாபகார்த்த உபயம், மகன் வைத்திலிங்கம் குடும்பம்' என்று முழுதாக அடித்து, மகள் அமர்த்துவதைப் பார்த்திருந்த பொத்தானை அமர்த்தினார்.

திரை முழுவதும் கறுத்தது.

தேத்தண்ணியோடு வந்த இந்துஜா தகப்பனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.

"என்ன செய்தனீங்கள்?"

"அப்புவின்ரை பேரை எழுதினனான்."

"தமிழிலையோ?"

"வேறை என்னத்திலை? அப்பு இங்கிலீசிலை கையெழுத்துக்கூட வைச்சதில்லை."

"அப்பா, அங்கை பதின்மூண்டு எழுத்துக்குத்தான் இடம். அதுவும் இங்கிலீசு எழுத்து. தமிழ் எழுத்து ஒண்டுக்கே மூண்டு இடம் வேணும். நீங்கள் எழுதினது பேரின்ரை இடத்தைத் தாண்டிப் பக்கத்திலை இருந்த எல்லாத்துக்கும் மேலை போய் இருந்திட்டுது."

"எங்கட அப்பு எங்கை போனாலும் அப்பிடித்தான்," என்றார் வைத்திலிங்கம். "அடங்கி இருந்த மனுசன் இல்லை."

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம் கேட்டது. கமிற்றி வந்துவிட்டது. இந்துஜா முன்பே எடுத்துவைத்திருந்த திரை விபரத்தின் பிரதியை அவசரமாக ஏற்றினாள், வரியைத் திருத்தினாள், வருஷத்தைத் திருத்தினாள். பெயர் வந்த இடத்தில் கை நின்றது. தகப்பனைப் பார்த்தாள். அவர் சலவைக்கல்லைக் காட்டினார். அவள் இங்கிலீசில் சின்னக்குட்டி என்று மட்டும் அடித்துக் கடைசி எண்ணைச் சரிசெய்து அனுப்பினாள்.

திரை விழித்தது. தேர் வந்தது. அதன்மேல் திரையின் விபரங்கள் பெரிய எழுத்தில் வந்தன.

"வாசியும், கதிர்காமு," என்றார் வைத்திலிங்கம். "எல்லாருக்கும் கேக்க வாசியும்."

கதிர்காமு கிட்டப் போய் வாசித்தார். "செய்த வருஷம் இரண்டாயிரத்து இருபத்தைந்து." அவருடைய குரல் தேய்ந்தது. "பெயர்... சின்னக்குட்டி."

"விளங்கேல்லை," என்றார் வைத்திலிங்கம், காதைச் சாய்த்து.

"சின்னக்குட்டி," என்றார் கதிர்காமு, இம்முறை உரத்து.

கமிற்றியில் ஒருவர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். வைத்திலிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இனி இதைப் பழசெண்டு சொல்லுறவன் என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். இப்பிடி ஒரு சாமான் குடுக்கிறதுக்கும் ஒரு குடும்பம் வேணும், கதிர்காமு. சொல்லும், வேணுமோ இல்லையோ?"

"வேணும்," என்றார் கதிர்காமு. "நல்ல குடும்பம்தான். ஒத்துக்கொள்ளுறன்."

இந்துஜா தேத்தண்ணிக் கோப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெனிஸ்ரன் ஒரு பெரிய பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. திரையைப் பார்த்தான், வைத்திலிங்கத்தைப் பார்த்தான், கதிர்காமுவைப் பார்த்தான்.

"மாஸ்ரர், உங்கட கனடாப் பெட்டி இண்டைக்குத்தான் குறிகட்டுவானுக்கு வந்தது. அப்ப விலாசம் கரைஞ்சு வந்தது கதிர்காமு அண்ணையின்ரை பாரிஸ் பெட்டி எல்லோ; சுவரிலை கிடக்கிற அந்த ஸ்கிறீனைக் கழட்டுறதோ, விடுறதோ?"