தம்பிராசா போட்ட கதிரை

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
1996 மாசி.

சீமையைக் கட்டியாளும், என் அக்கா பெற்ற அன்பு மருமகன் குலசிங்கத்துக்கு, கோணேசர் கிருபையாலும் உமது மாமியின் கைச்சமையலாலும் இன்னும் நடமாடும் மாமன் கனகரத்தினம் எழுதுவது. நாங்கள் சுகம். நேற்றும் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அதையும் சுகத்தோடுதான் சேர்த்திருக்கிறேன்.

லண்டனில் எந்த டாக்குத்தரிடம் பதிவது என்று சனமே தெரிவு செய்யலாம் என்று பெருமையடித்து எழுதியிருந்தீர். அந்த யுகம் இங்கேயும் பிறந்துவிட்டது, ஐசே. நிவாரண அரிசிக்கு இனி எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடையிலும் பதியலாம், சந்தியில் ஜெமீலின் கடையிலும் பதியலாம், உங்கள் விருப்பம் என்று அரசாங்கக் கந்தோரால் அறிவித்துவிட்டார்கள். ஒன்று மட்டும்: பதிந்தால் வருஷம் முழுக்க அங்கேதான். பிழையாகத் தெரிவு செய்தால் வருஷம் முழுக்க வயிறு காயும்.

சங்கக்கடை மனேச்சர் தம்பிராசாவை மறந்திருக்க மாட்டீர். அவர் செருமினால் கடல் ஓரடி பின்வாங்கும். அவருடைய அரிசியில் நாங்கள் பொறுக்கிய கல்லைச் சேர்த்து வைத்திருந்தால் துறைமுகத்துக்கு இன்னொரு இறங்குதுறை கட்டியிருக்கலாம். அப்பேர்ப்பட்ட மனிதர், அறிவித்தல் வந்த மறுநாள் கடை வாசலில் ஒரு கதிரை போட்டார். கைபிடி வைத்த கதிரை. அதில் என்னை இருத்தி, பனங்கட்டியோடு பிளேன்ரீ தந்து, "அண்ணை, சுகமோ?" என்றார். எனக்கு நெஞ்சுவலி வரப்பார்த்தது. அதைக் குடித்துவிட்டு ஜெமீலிடம் போனால் அங்கே இஞ்சி போட்ட பிளேன்ரீ. அரிசியோ மல்லிகைப்பூ. இரண்டு சாம்ராச்சியமும் என் காலடியில் கிடக்க, இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துக்கொண்டு சக்கரவர்த்தியாய்த் திரிந்தேன்.

ஆனால் என் வாக்கின் பெறுமதி எங்கள் ஒழுங்கைச் சனத்துக்குத் தெரியும். உமது மாமி புஷ்பவதி எங்கே பதிகிறாவோ, அங்கேதான் ஒழுங்கை முழுக்கப் பதியும். ஒழுங்கை போனால் சங்கக்கடை பூட்டு, தம்பிராசா வீட்டுக்கு. மனுசன் நித்திரையில்லாமல் மெலிந்து, காற்றடித்தால் மூதூருக்குப் பறந்துவிடுவார் போலிருந்தார்.

மாமி முதலில் ஜெமீலிடம் போனா. அரிசியைத் தொட்டும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"தம்பி, ரோட்டை மூடினா என்ன செய்வீங்கள்?"

ஜெமீல் கிண்ணியாவிலிருந்து தினமும் இழுவைப் பாதையில், அதுதான் அந்த மிதவைப் படகில், ஆறு கடந்து வருகிறவர். சண்டை மூண்டால் முதலில் நிற்பது அந்தப் பாதைதான். அவர் தராசைக் கீழே வைத்தார்.

"பொய் சொல்ல ஏலா, மாமி. பாத ஓடாட்டி நான் கிண்ணியாவுலதான். அரிசிக்கு சங்கக்கடையில பதிங்க. சீனி, தேயிலைக்கு இங்க வாங்க."

இப்படி ஒரு வியாபாரியை லண்டனில் காட்டும் பார்ப்போம்! மாமி அங்கேயே சீனி வாங்கிக்கொண்டு நேரே சங்கக்கடைக்கு நடந்தா. கடைசியாகப் போட்ட நீண்ட ஊரடங்கில் தம்பிராசா வீட்டுக்குப் போகாமல் சாக்கின் மேல் படுத்திருந்து, பின்கதவால் ஒழுங்கை முழுவதற்கும் அரிசி அளந்தவர். ஒவ்வொரு சுண்டு அரிசிக்கும் ஒவ்வொரு ஏச்சு; எங்கள் மூதாதையர் ஒருவரையும் விடவில்லை. அந்த ஏச்சை எல்லாரும் ஞாபகம் வைத்திருந்தோம். அரிசியை ஞாபகம் வைத்திருந்தவ மாமி ஒருத்திதான்.

"உங்கட வாய் கூடாது, பின்கதவு நல்லது. பதியுங்கோ. ஆனா கதிரை அதிலயே இருக்கவேணும். எடுத்தா வாற வருஷம் நாங்கள் இல்லை" என்றா.

தம்பிராசா தலையைக் குனிந்து "ஓம் அக்கா" என்றார். ஒழுங்கையும் பின்னாலே பதிந்தது. அதே கடைதான், மருமகன். ஆனால் முந்தி நாங்கள் கட்டிவைத்த மாடு, இப்போது தேடி வந்த விருந்தாளி. அரிசியில் கல்லும் குறைந்துவிட்டது. இப்படியொரு ராசதந்திரியைக் கட்டிய என்னையும் நீர் மெச்ச வேண்டும்.

உமக்குக் கோணேசர் நல்ல புத்தியும், அதைவிட நல்ல பெண்சாதியும் தரட்டும்.

மாமன்,
கனகரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுன் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. தெரிவெல்லாம் ரத்தாம். அடுத்த மாதத்திலிருந்து எங்களுக்கு லிங்கநகர்க் கடைதானாம். ஆகையால் மேலே எழுதிய யுகத்தை வெட்டிவிடும். "தெரிவு செய்யப் பழக்கினது அவையள்தானே" என்று சொல்லிக்கொண்டு மாமி கந்தோருக்குப் புறப்பட்டுவிட்டா. பின்னால் ஒழுங்கை முழுக்க. மாமிக்குக் குடை பிடித்துக்கொண்டு ஜெமீல். கந்தோர்ப் பெரியவர் வரும்வரை மாமி இருப்பதற்கு, தம்பிராசா அந்தக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறார்.