மாமா தந்த பிராசசரும் சித்தப்பா தந்த போர்டும்

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை.

மேட்டூர் தங்கசாமி மாமா அவர்களுக்கு, தங்கை மகன் சந்தோஷ்குமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். கோழிகளும் நலம். அங்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. அதனால் கடிதம். நீங்கள் தந்த பிராசசரின் டப்பாவுக்குள்ளேயே வைத்து, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

சுருக்கமாக: பிராசசர் பொருந்தவில்லை. மாற்றித் தர வேண்டும்.

லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலைக்குக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரிப் படம் ஒன்று அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நம் கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கில்தான் வேலை. தத்துவம் படித்தவனுக்கு அங்கே தனிமை கிடைக்கும் என்கிறார் அப்பா.

கம்ப்யூட்டர் வாங்குவதைக் காதுகுத்துப் போல ஆக்கியவள் அம்மா. ஆளுக்கொரு சீர். தாய்மாமன் முறைக்கு நீங்கள் பிராசசர். மருதாசலம் சித்தப்பா மதர்போர்டு. வசந்தாமணி அத்தை மெமரி. எல்லாவற்றையும் உள்ளே பொருத்தும் பெட்டி அப்பாவின் பொறுப்பு, இன்னும் வாங்கவில்லை. என்ன மாடல் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். நீங்களும் சித்தப்பாவும் அடுத்தவரைவிட ஒருபடி உசத்தியாக இருக்கட்டும் என்று வேறு வாங்கினீர்கள். உங்களுடையது ஒரு கம்பெனி. அவருடையது இன்னொரு கம்பெனிப் பிராசசருக்கான போர்டு. கடைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உங்கள் மகள் நர்மதா கல்யாணப் பந்தியில் சித்தப்பா இலைக்கு ரசம் வராத நாளிலிருந்து அது நடப்பதில்லை என்பது தெரியும்.

உங்கள் பிராசசர் அவர் போர்டில் உட்காரவே இல்லை, சித்தப்பாவிடம் போர்டை மாற்றக் கேட்டேன், "ஏஞ்சாமி, உங்க மாமன் மாத்தமாட்டாராமா, நாந்தான் எறங்கிப் போவோணுமா" என்றார், அப்பாவிடம் சொன்னால் "எந்த எஞ்சினையும் எந்த லாரிச் சேசிலயும் ஏத்தறோம், ரெண்டு எடத்துல வெல்டிங் வெச்சா நிக்காதாடா" என்றார், அத்தை இரண்டு கடையில் வாங்கிய மெமரியில் ஒன்று 5600, மற்றது 4800, இரண்டும் சேர்ந்தால் 4800இல்தான் ஓடும், அதாவது வேகமானது மெதுவானதற்காக இறங்கி வரும், நம் குடும்பத்தில் அப்படிச் செய்யக்கூடியது அது ஒன்றுதான், கடைசியில் சித்தப்பா மனமிரங்கி "செரி, மாத்திக்கறேன்" என்றபோது போர்டைக் காணோம். பூஜை அலமாரியில் இருந்தது. சூடு இறங்குவதற்காகப் பிராசசர் தலையில் வெள்ளைப் பசை வைப்பதை வீடியோவில் பார்த்திருக்கிறாள் அம்மா. "எங்கண்ணன் குடுத்ததுக்குப் பொட்டு உண்டு, என்ற கொழுந்தனார் குடுத்ததுக்கு இல்லீங்களா? நாளைக்கு ஒரு பேச்சு வந்துருமல்ல?" போர்டில் ஐந்து இடத்தில் சந்தனம். மேலே குங்குமம்.

துடைத்தால் ஓடும், திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார் கடைக்காரர். "பூசை போட்டதுங்க. எங்க கையில வாங்கறது பாவமுங்க."

ஆக, மாற்றக்கூடியது உங்களுடையது மட்டும். நீங்கள் மாற்றினால் மேட்டூர் வந்து உங்கள் வீட்டில் ரசம் சாப்பிடுவதாகச் சித்தப்பா சொல்கிறார். அவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததில்லை.

இங்குள்ள பெரியவர்கள் உங்களுக்கு நல்வாழ்த்துச் சொல்கிறார்கள். சிறியவனான நான் உங்கள் ஆசியையும் வேறொரு பிராசசரையும் வேண்டுகிறேன்.

அன்புள்ள,
சந்தோஷ்குமார்

பி.கு.: டப்பாவை ஒட்டுவதற்கு டேப் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அம்மா உங்கள் பிராசசருக்கும் பொட்டு வைத்துவிட்டாள். "எங்கண்ணன் சீரை மூளியா அனுப்பறதா?" அடிப்பக்கத்தில். இனி மாற்ற ஒன்றுமில்லை. இதற்குப் பொருந்துகிற போர்டு ஒன்றை நீங்களே வாங்கி அனுப்ப வேண்டுமாம். சித்தப்பாவுக்குத் தெரியவராதாம். பெட்டியை மூடிவிட்டால் உள்ளே யாருடையது என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்கிறாள்.

அப்பா இப்போதுதான் பெட்டியோடு வந்து இறங்கினார். இருப்பதிலேயே உசத்தி. பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே விளக்கும் எரியுமாம்.

தீவனக் கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டேன்.