கைக்கு மிஞ்சின மட்டை

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் அந்த மாபெரும் முடிவுக்கு வந்துவிட்டார். கடையில் இருக்கிற பேஸ்பால் மட்டைகளிலேயே தன் மகளுக்குச் சுத்தமாகப் பொருந்தாத மட்டை எதுவோ, அதைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்துவிடுவது. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினார். கண்ணாடிக்குள் இருந்தவரும் ஆட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அவர் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். போகப் போகச் சொல்வதற்கு வாய்ப்பே கொடுக்கமாட்டார்.

விஷயம் இதுதான். மகள் வாண்டு, உயரம் அப்பாவின் நெஞ்சுவரை, அடி மாடிவரை. மூன்று வாரத்தில் அவளுக்குத் தேர்வு ஆட்டம். அதில் நன்றாக அடித்தால் விளையாட்டுப் பள்ளியில் இடம். அந்தப் பள்ளி ஒரு ராத்திரி ரயில் தூரத்தில். அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்துவிடுவாள். வீடே துள்ளிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கும் துள்ளுவது மாதிரி நடித்துக்கொண்டிருந்தார்.

ஏற்கனவே ஒருத்தன் போயாயிற்று. மூத்தவன். விடுதிக்குப் போன பிறகு முதல் லீவில் வந்தவன், ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று, "அம்மா, தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். சொந்த வீட்டில். சொந்த ஃப்ரிட்ஜில். அம்மா சிரித்தாள். அப்பா பாத்ரூமுக்குப் போய், ஒழுகாத குழாயை ரொம்ப நேரம் ரிப்பேர் பார்த்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையின் நாலாவது நாற்காலியில் இஸ்திரி போட்ட துணிதான் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது நாற்காலியிலும் துணி வந்து உட்காருவதை அவரால் பார்க்க முடியாது. அவ்வளவு துணியும் அந்த வீட்டில் கிடையாது.

கடைக்காரருக்குச் சளி பிடித்திருந்தது. எல்லா வார்த்தையும் மூக்கு வழியாகவே வந்தது.

"அலாய்தான் சார், பிள்ளைங்களுக்கு. ஒரே துண்டு உலோகம், ஒட்டுப் போடாதது. காம்போசிட், அதான் நாரை ஒட்டிச் செய்யறது, அதை வாங்கினா நாள் கணக்கா தட்டித் தட்டிப் பழக்கணும். அலாய்க்குப் பழக்கமே வேணாம். கவரைப் பிரிச்சோமா, அடிச்சோமா, டிங்! பாப்பா என்ன உயரம்?"

மெக்கானிக் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். மரியாதையாகக் கும்பிடுகிறார் என்று நினைத்துக் கடைக்காரரும் கும்பிட்டுவிட்டு, ஒரு மட்டையை எடுத்து நீட்டினார். "இது கச்சிதம். பக்கவாட்டுல கையை நீட்டி இதைப் பிடிக்கச் சொல்லுங்க. கை ஆடாம நின்னா அதுதான் அவ பேட். ஆடினா கனம் ஜாஸ்தி."

மெக்கானிக் தூக்கிப் பார்த்தார். காற்றைத் தூக்குவது மாதிரி இருந்தது. இதை வைத்துக்கொண்டு அவள் அடித்தால் பந்து போய் விழும் இடத்துக்கு அவளே போய்விடுவாள்.

"ஆடுறது எது?"

"சார்?"

"கை ஆடணும். தூக்கினா தொங்கணும். சுத்தினா பேட்டோட சேர்ந்து ஆளும் சுத்தணும். அந்த மாதிரி ஒண்ணு கொடுங்க."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே ஆள்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து ஒரு அம்மா வந்தாங்க சார். அச்சு அசல் இதே கேள்வி. இந்த வாரம் ஊருக்கே பிள்ளைங்க மேல என்ன கோபமோ!"

"வாங்கிட்டுப் போனாங்களா?"

"கையில வச்சுப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. அப்புறம் வச்சுட்டுப் போய்ட்டாங்க."

"தைரியமில்லாதவங்க" என்றார் மெக்கானிக், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவர் வாங்கிய மட்டை கறுப்பு நிறம், நடுவில் ஒரு சிவப்புக் கோடு. ராட்சசன் வீட்டு ஊதுகுழல் மாதிரி இருந்தது.

இங்கே அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள். பயந்து வருகிறவர்களிடம் பாட்டு மாதிரி இழுத்து, "கொஞ்சம்கூட வலிக்காதுங்க" என்று சொல்வது அவள் வேலை. அந்தக் குரலைக் கேட்டு வாயைத் திறந்தவர்கள் ஆயிரம் பேர். கத்தியவர்களும் அதே ஆயிரம் பேர்தான்.

மட்டையைப் பார்த்ததும் கேட்டாள். "என்னங்க இது, பேட்டா, மழைத்தண்ணி பைப்பா?"

"பெஸ்ட் அலாய். கடையிலயே பெரிசு."

"பெரிசா கேட்டோம்? வாண்டு, கையை நீட்டிப் பிடி பார்க்கலாம்."

வாண்டு சந்தோஷமாக நீட்டினாள். மட்டை இறங்க ஆரம்பித்தது. மெக்கானிக்கின் காதுக்குள் லிஃப்ட் பெண் குரல் கேட்டது. தோள்... இடுப்பு... முழங்கால்... தரைத்தளம். கதவுகள் திறக்கின்றன.

"கனம் ஜாஸ்தியா இருக்கேப்பா" என்றாள் வாண்டு.

"வளர்ற பிள்ளைக்குப் பெரிசாத்தான் வாங்கணும். செருப்பு அப்படித்தானே வாங்கறோம்?"

"செலக்‌ஷன் மூணு வாரத்துலங்க" என்றாள் மனைவி. "அதுக்குள்ள எவ்வளவு வளருவா?"

"எங்க குடும்பத்துல திடீர்னுதான் வளருவோம்."

அவள் மட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பார்வை. அப்புறம், "சரி" என்றாள்.

அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். இதற்கு முன்னால் அவள் மறுபேச்சில்லாமல் 'சரி' சொன்னது தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவர் கேட்டபோதுதான். அதன் பிறகு அவர் பேச்சு எதுவும் எடுபட்டதில்லை.

தினமும் சாயங்காலம் பின்சந்தில்தான் பயிற்சி. அவர் பந்து போடுவார், வாண்டு அடிப்பாள். முன்பெல்லாம் பந்து எகிறி, மாடி வீட்டு மீசைக்காரரின் மொட்டை மாடியில் போய் விழும். தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் பிறகு மெக்கானிக்குக்கும் மீசைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் வாண்டுதான் ஓடுவாள். மேலே மீசை உறுமும் சத்தம் கேட்கும். அப்புறம் சிரிக்கும் சத்தம் கேட்கும். பந்தோடு அவள் இறங்கி வந்து, "இது வீடா, மைதானமா?" என்று மீசை மாதிரியே பேசிக் காட்டுவாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவருடைய நாளே அதற்காகத்தான் விடியும்.

புது மட்டை வந்த பிறகு பந்து எங்கேயும் போகவில்லை. அவள் சுற்றி முடிப்பதற்குள் பந்து சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கும். சில நேரம் அவளே சுற்றிக் கீழே உட்கார்ந்துவிடுவாள். திட்டம் அற்புதமாக வேலை செய்தது. அது வேலை செய்ய வேலை செய்ய அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் மீசையே மேலிருந்து எட்டிப் பார்த்து, யாரிடமும் இல்லாமல் காற்றிடம் கேட்டார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? பந்தே வரலை?"

மெக்கானிக் குனிந்து, அவிழாத செருப்பு வாரை மறுபடி மாட்டினார்.

அன்றைக்கு வாண்டு மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்திருந்தது.

"ப்பா, நிஜமா சொல்லு. நான் லாயக்கில்லையா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் திறப்பதுபோலப் பெரிசாகவே திறந்தார். உள்ளேயிருந்து வந்தது என்னவோ, "இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன்" மட்டும்தான்.

அடுக்களையில் நின்று குடித்தார். மனைவி அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னவோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. வெயில்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேர்வு நாள். மைதானத்து ஓரத்தில் பெற்றோர் பெஞ்சு. வாண்டு பெயரைக் கூப்பிட்டதும் கனத்த மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள், கல்லை ஏற்றின கழுதை மாதிரி. மனைவி அவளை நிறுத்தினாள். தன் நீளப் பையைத் திறந்தாள். கவரைக் கிழித்தாள். வெள்ளி நிறத்தில், கச்சிதமாக, இன்னொரு மட்டை.

மெக்கானிக்குக்கு உயிரே நழுவியது. "ஏய், இது என்ன? பழகாத பேட்டைக் கொடுத்தா எப்படி?"

"அலாய்ங்க" என்றாள் அவள், மெதுவாக. "பழக்கமே வேணாமாம். மனுஷங்களுக்குத்தான் பழக நாளாகும்."

வாண்டு வாங்கிக்கொண்டாள். ஒருதடவை சுற்றிப் பார்த்தாள். மூன்று வாரம் இரும்புத் தூணைச் சுற்றின கைக்கு அது ஒன்றுமே இல்லை. மட்டை விஸ்ஸென்று காற்றைக் கிழித்தது. அவள் முகம் மாறியதை அப்பா பார்த்தார்.

முதல் பந்து. டிங்!

அவ்வளவு சுத்தமான சத்தம். மெக்கானிக் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "அப்படிப் போடு என் சிங்கமே!" என்று கத்தினார். பந்து வேலிக்கு அந்தப் பக்கம் மறைந்த பிறகுதான் தான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்தது. மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். இரண்டாவது டிங். மூன்றாவது டிங். ஒவ்வொன்றுக்கும் கை தானாகத் தட்டியது. ஒவ்வொன்றுக்கும் ரயில் கொஞ்சம் கிட்டே வந்தது.

முடிந்ததும் கோச் ஓடிவந்தார். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிற மனிதர்.

"சார்! ஃபீய்! பிரமாதம்! கனத்த பேட்ல பழக்கி, ஃபீய், கடைசி நிமிஷத்துல லேசான பேட்ல இறக்கிட்டீங்களே! ஐடியா உங்களோடதாமே? மேடம் சொன்னாங்க. ஃபீய்!"

மற்ற பெற்றோர் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை நாள் முன்னால் கனத்த மட்டை கொடுக்க வேண்டும்? கை வலிக்கிறது என்றால் விட்டுவிடலாமா? அவர் எல்லோருக்கும் பதில் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். கன்னம் வலித்தது. வாண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"மோசம்ப்பா நீ! முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் லாயக்கே இல்லைன்னு நினைச்சு அழுதுக்கிட்டே இருந்தேன் தெரியுமா?"

"சொன்னா... பலிக்காதும்மா" என்றார். குரல் சளி பிடித்த கடைக்காரர் குரல் மாதிரி வந்தது.

பஸ்ஸில் வாண்டு முன்சீட்டில் தோழிகளோடு கூத்தடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இவர்கள் இரண்டு பேர், நடுவில் கறுப்பு மட்டை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க வாங்கிட்டு வந்த மறுநாள். லேசானதை வாங்கப் போனேன். 'அம்மா, நீங்க வந்துட்டுப் போன அடுத்த நாள் ஒருத்தர் வந்தார், அதே கேள்வியைக் கேட்டார், ஆனா வாங்கிட்டுப் போய்ட்டார்'னு கடைக்காரர் சொன்னார்."

"நீங்க வந்துட்டுப் போன..." மெக்கானிக் நிறுத்தினார். "அப்போ அந்த அம்மா..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் வாங்கலையே" என்றாள்.

மெக்கானிக் நடுவிலிருந்த மட்டையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தே?"

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லலை. சரி, கனத்துலயே கொஞ்சம் பழகட்டும்னு விட்டேன். போற இடத்துல எல்லாம் லேசாவா இருக்கப்போகுது?"

இடம் கிடைத்து, கிளம்புகிற நாளும் வந்தது. ரயில் நிலையத்தில் வாண்டு வெள்ளி மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "அந்தப் பெரிசு வீட்லயே இருக்கட்டும்ப்பா. லீவுக்கு வரும்போது பார்க்கலாம். எனக்குச் சரியா இருக்கும்."

வளர்ந்து வருவாள். அவர் பார்க்காத இடத்தில் வளர்ந்து வருவாள். அவர் தலையாட்டினார்.

"வீட்டுக்கு வந்தா தண்ணி எடுத்துக்கலாமான்னு கேக்கக்கூடாது. தெரியுதா?" என்றார்.

"லூசாப்பா நீ?" என்று சிரித்தாள் வாண்டு.

அம்மா அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரிக் குரலில் ஆரம்பித்தாள். "கொஞ்சம்கூட..." பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. ரயில் நகர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் மெக்கானிக் வேலை விட்டு வந்தார். கால் தானாகப் பின்சந்துக்குப் போயிற்று. கையில் பந்து இருந்தது. யாருக்குப் போடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்கதவு திறந்தது. ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல் மனைவி வந்து நின்றாள். தோளில் கறுப்பு மட்டை.

"போடுங்க" என்றாள்.

"உனக்கா? கனம், உன்னால தாங்க முடியாதும்மா."

"போடுங்கன்னா!"

போட்டார். மெதுவாகத்தான் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மட்டையை மட்டுமில்லாமல் வேறு எதையெல்லாமோ சேர்த்துச் சுற்றினாள்.

டிங்!

பந்து எகிறி மீசையின் மொட்டை மாடியில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள், ஓடுகிற ஆளைத் தேடி. சந்து காலியாக இருந்தது.

"போங்க" என்றாள் அவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அந்த மீசைகிட்டயா?"

"வேற யார் இருக்கா போக?"

படியேறினார். மணியடித்தார். மீசைக்காரர் கதவைத் திறந்து, முதலில் வாண்டுவின் தலை இருக்கிற உயரத்தில் பார்த்தார். அங்கே சட்டைப் பொத்தான்தான் இருந்தது. மெதுவாக நிமிர்ந்தார். அவர் கையில் பந்து தயாராக இருந்தது. பின்னால் மேஜையில் இரண்டு டம்ளர் காபி தயாராக இருந்தது.

"உள்ள வாங்க சார், உக்காருங்க. சாயங்காலம் பந்து வரும், கேட்டு நீங்க வருவீங்கன்னு உங்க வீட்ல காலையிலயே சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம், இதையும் சொல்லச் சொன்னாங்க..." மீசையைத் தடவிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பாட்டாக இழுத்தார்: "கொஞ்சம்கூட வலிக்காதுங்க."