கை மெஷினும் பதினெட்டு அன்னாசியும்

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவனிடம் வீட்டுச் சாமான் எதையும் காட்டி அபிப்பிராயம் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்லுவான் என்பது வேறு விஷயம். நான் அந்த ரகம். செனாய் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மூன்று வருடம் பிளாஸ்டிக் மூடிகளை அளந்து பார்த்த அனுபவத்தில், உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் மார்க் போடும் தகுதி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஒரு சனிக்கிழமை காலை, பெக்கான் நானாஸ் என்ற ஊரில், ஒரே நிமிடத்தில் தரைமட்டமானது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அதே தொழிற்சாலையில் கிடங்குப் பிரிவில் இருந்த விமலாவும் நானும் இரண்டு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தோம். "வீட்டுக்கு வரச் சொல்லு, பாப்போம்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். அவர்தான் சரோஜா ஆன்ட்டி, பெக்கான் நானாஸில் தீபாவளிக்கு அன்னாசி டார்ட் (அன்னாசி ஜாம் வைத்த பிஸ்கட்) செய்து விற்பவர். அந்த வட்டாரத்தில் அவருடைய டார்ட் இல்லாமல் தீபாவளி விடியாது.

"சீசன் நேரம், அம்மா பிஸியா இருப்பாங்க" என்றாள் விமலா. "வா, ரெண்டு வார்த்த பேசு, சாப்பிடு, கெளம்பு. அறிவ மட்டும் காட்டாதலா, ப்ளீஸ்."

ஆனால் ஆன்ட்டி அன்னாசியைத் துருவுவது ஒரு பழைய கை மெஷினில் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். மின்சார மெஷினில் அரைத்தால் பழம் கஞ்சியாகிவிடுமாம். அது போதாதா எனக்கு? நேராக ஜொகூர் பாருவில் ஒரு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஒரு மாமா கடையில் அது எனக்காகவே காத்திருந்தது. கறுத்த இரும்பு உடம்பு, மேலே பழம் போடும் வாய், பக்கவாட்டில் நீளமான சுழற்றும் கைப்பிடி, அடியில் மேசை விளிம்பில் வைத்து முறுக்கும் திருகு. வில்லை போட ஒன்று, துருவ ஒன்று என்று மாற்றி மாட்ட இரண்டு உருளைகள்.

"ஒங்கப்பாவ விட வயசு கூட இதுக்கு" என்றார் மாமா. (அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.)

இரண்டு வாரம் துருவைத் தேய்த்தேன். பதினொரு வீடியோ பார்த்தேன். கடைசியில் ஒரு கேரட்டைத் துருவிப் பார்த்தேன். ஆமாம், ஒரே ஒரு கேரட். அதை வைத்து ஒரு இயந்திரத்துக்கு மனதுக்குள் பத்துக்கு ஒன்பதரை கொடுத்த தரப் பரிசோதகன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை, புதுச் சட்டை, கையில் மெஷின். விமலா வீட்டுப் பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக் சிக் ஜைனாப், பழத்துக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி ஒரு தடித்த மரப் பலகையில் உட்கார்ந்து, அதன் முனையில் மாட்டியிருந்த குட்டி அலுமினிய மெஷினை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மடக்கு மேசை. அதன் மேல் பெரிய பேசின் பாத்திரம் நிறைய, துருவி முடித்த பதினெட்டு அன்னாசி. மேசைக்குப் பக்கத்தில் விமலாவின் அப்பா, ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், கையில் தேநீரோடு.

"வாங்க தம்பி, உக்காருங்க. என்னா அது கையில?"

"ஒங்களுக்குத்தான் ஆன்ட்டி. பழைய மெஷின். ஒங்க மெஷின விட அவுட்புட் கூட."

சொன்னதோடு நின்றிருக்கலாம். நான் குனிந்து ஆன்ட்டியின் மெஷினைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.

"ஷாஃப்ட் ஆடுதே ஆன்ட்டி. மூணு மில்லிமீட்டராச்சும் இருக்கும். எங்க ஃபேக்டரில இத ரிஜெக்ட் பண்ணிடுவோம்."

விமலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆடட்டும் தம்பி" என்றார் ஆன்ட்டி. "இருவத்தி ரெண்டு வருசமா ஆடுது."

"ரெண்டையும் ஓட்டித்தான் பாருங்களேன்" என்றார் அப்பா. லோரிக்காரருக்குப் பந்தயம் என்றால் சும்மா இருக்க முடியுமா? ஒரு நிமிடம், யார் அதிகம் துருவுகிறார்கள் என்று போட்டி. விமலா கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.

என் மெஷினை மடக்கு மேசையின் விளிம்பில் வைத்து முறுக்கினேன். முதல் இருபது நொடி, சொன்னால் நம்ப வேண்டும், ராஜநடை. பொன்னிறத்தில் கொட்டியது. அப்புறம் அன்னாசி நார் உருளையில் சுற்றிக்கொண்டது. சாறு முன்பக்கம் வருவதற்குப் பதில் கைப்பிடி வழியாகப் பின்னால் வந்து என் முழங்கையில் வழிந்தது. மெஷின் முரண்டு பிடித்தது. நான் அதைவிட முரண்டன். இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன்.

"ஏய், ஏய்! மேஜா ஜாலான்!" என்று மக் சிக் கத்தினார்.

மேசை நடக்கிறது என்று அர்த்தம். மலாய் தெரியாதவன் இல்லை நான். ஆனால் போட்டி வேகத்தில் அது எனக்கு உற்சாகக் குரலாகக் கேட்டது. இன்னும் வேகமாகச் சுற்றினேன். மேசை நிஜமாகவே நடந்தது. ஓரடி நடந்தது, இரண்டடி நடந்தது, மூன்றாவது அடியில் ஒரு கால் மடங்கி, என் மெஷினோடு சேர்ந்து பணிவாக மண்டியிட்டது. பேசின் சறுக்கியது. பதினெட்டு அன்னாசியில் பாதி சிமெண்டுத் தரையில், மீதி அப்பாவின் மடியில். அவர் தேநீர்க் குவளையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றிவிட்டார். மக் சிக்கின் கோழிகள் வேலிக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தன.

முதலில் பேசியது நான்தான்.

"ஆன்ட்டி... மேசைக்குத்தான் பேலன்ஸ் பத்தல."

ஆன்ட்டி எழுந்து வந்தார். என் மெஷின் துருவியதில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இருந்தது.

"பூச்சு போன இரும்பு. புளிப்பு பட்டா கறுத்துரும். சரி, இப்ப இத கழட்டுங்க."

கழற்றப் பார்த்தேன். உருளை அசையவில்லை. ஆன்ட்டி தன் மெஷினை ஒரே திருப்பில் கழற்றி, தண்ணீரில் காட்டி, மறுபடி மாட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"கை மெஷின சுத்திப் பாத்து வாங்கக் கூடாது தம்பி. கழுவிப் பாத்து வாங்கணும். கழுவக் கஷ்டமா இருந்தா மறுநாள் யாரு அத தொடுவா?"

பதினொரு வீடியோவில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

சிரிப்பதா அழுவதா என்ற நேரம். மறுநாள் காலை நாற்பது போத்தலில் டார்ட் அடைத்துக் கொடுக்க வேண்டும். தோல் சீவி மிச்சமிருந்தது நாலே பழம். அப்பா கைலி மாற்றிக்கொண்டு வந்து, "ஏறுங்க" என்று வேனைக் கிளப்பினார். சாலையோரப் பழக்கடைகள் வரை ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார். என் கல்யாணக் கனவு அதோடு முடிந்தது என்று முடிவு செய்துவிட்டேன். திரும்பி வரும்போது, பின்னால் இருபது அன்னாசி உருள, திடீரென்று சொன்னார்:

"நான் மொத மொத பொண்ணு வீட்டுக்குப் போனப்ப, லோரிய ரிவர்ஸ் எடுத்து அவங்க இரும்பு கேட்ட ஒடச்சிட்டேன். மாமனாரு கேட்டுக்குப் பின்னாலதான் நின்னாரு."

அதற்குப் பிறகு வேன் வீடு சேரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அன்று மதியத்திலிருந்து மாலை ஐந்து வரை அந்த மரப் பலகையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், நான் ரிஜெக்ட் செய்த மெஷினோடு. அந்த மூன்று மில்லிமீட்டர் ஆட்டத்தில்தான் நார் சிக்காமல் நழுவி விழுகிறது என்று ஐந்தாவது பழத்தில் கண்டுபிடித்தேன். (வாயைத் திறந்து சொல்லவில்லை. அவ்வளவு முன்னேற்றம்.) பத்தாவது பழத்தில் வலது கை போயிற்று. இடது கைக்கு மாற்றினேன். பக்கத்து அடுப்பில் பட்டையும் கிராம்பும் போட்ட ஜாம் கொதித்து வாசம் கிளம்பியது. விமலா என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள், எல்லார் முன்னாலும். மக் சிக் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

முதல் தட்டு டார்ட் அடுப்பிலிருந்து வந்ததும் ஆன்ட்டி ஒன்றை ஊதி என் கையில் கொடுத்தார். எனக்கு விரல் மடங்கவில்லை. அவரே ஊட்டிவிட்டார். பிறகு என்னை வைத்துக்கொண்டே மகளிடம் சொன்னார்:

"கை வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. வாய்தான் கொஞ்சம் நீளம். அது போகப் போக கொறஞ்சிரும்லா."

கல்யாணம் ஆகி ஏழு வருடம் ஆகிறது. குறையவில்லை என்கிறாள் விமலா. அதனால்தான் அந்த வீட்டில் இரண்டு மலாய் வார்த்தைகள் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. நான் எதைப் பற்றியாவது விளக்க ஆரம்பித்தால் போதும், மாமனார், கொழுந்தியா, மக் சிக், யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

போன மாதம் கூலாயில் ஒரு கடைக்குத் துணி துவைக்கும் மெஷின் வாங்கப் போனோம். விற்பனைப் பெண்ணிடம் அதன் உள் உருளையில் என்ன கோளாறு வரலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கள் ஐந்து வயது மகள் கடைத் தள்ளுவண்டியில் எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"அப்பா, மேஜா ஜாலான்!"

பாவம், அந்தப் பெண் பதறிப்போய்த் தன் முன்னால் இருந்த மேசையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.