உம்மாவின் பல்செட்டும் சாச்சியின் வாயும்

வீட்டில் ஒருவர் மவுத்தானால் அவருடைய உடுப்பை யாருக்குக் கொடுக்கலாம், கட்டிலை என்ன செய்யலாம் என்று சொல்லித்தர ஊரே வரும். பல்செட்டை என்ன செய்வதென்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நான் அவ்வளவு கேவலப்பட்டதற்கு அதுதான் காரணம்.

உம்மாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்டிய பெண்கள் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி, ஒரு கோப்பையில் போட்டு என் கையில் தந்தார்கள். புத்தளத்துக்கு நடையாய் நடந்து கட்டிய பல். ஒரு பெருநாள் இறைச்சியைக்கூட அது கண்டதில்லை. உம்மாவின் உடுப்பு, செருப்பு, தொழுகைப் பாய் எல்லாம் தேவைப்பட்டவர்களுக்கு சதக்காவாகப் போயின. அவர்கள் பாவித்தால் நன்மை உம்மாவுக்குப் போய்ச் சேரும். அலுமாரிக்கு மேல் பல் மட்டும் மிஞ்சியது. அதை எறிந்தால் உம்மாவையே எறிந்த மாதிரி இருந்தது. (எட்டாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவன் நான். என் மூளை அதற்கு மேல் ஓடவில்லை.)

உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி. அவருக்கு மேல்வாயில் ஒரு பல்லும் கிடையாது. அக்காவும் தங்கச்சியும் முகத்தில் ஒரே அச்சு. முகம் ஒன்றென்றால் வாயும் ஒன்றுதானே?

"சாச்சி, உம்மாட பல்ல நீங்க போடுங்களே. சதக்காவா இரிக்கும்."

சாச்சி அழுதார். அழுதுகொண்டே கேட்டார், "எலும்பு கடிக்கலாமாடா?"

கொஞ்சம் இறுக்கித் தரச் சொல்லுவோம் என்று இருவரும் கல்பிட்டியில் பஸ் ஏறிப் புத்தளம் பல் கிளினிக்குக்குப் போனோம். பல் உம்மாவுடையது என்பதால் உம்மாவின் கிளினிக் அட்டையையே கொடுத்தேன். (சைக்கிளைத் திருத்தக் கொடுத்தால் சொந்தக்காரர் பெயரைத்தானே சொல்வோம்?)

வெளியே மர வாங்கில் காத்திருக்கக் காத்திருக்க சாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, பல்லை எடுத்து ஒரே அமுக்கு. 'டக்' என்று சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நேர்ஸ் மிஸ் கூப்பிட்டார்.

"நஸீமா உம்மா!"

சாச்சி எழும்பினார். "ஓம் மிஸ்" என்று சிரித்தார்.

உம்மாவின் பெயர். உம்மாவின் சிரிப்பு. எனக்குக் கால் எங்கே, தரை எங்கே என்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது பல் பிடுங்கும் கதிரையில் மல்லாந்து கிடந்தேன். முகத்துக்கு மேலே பெரிய வெளிச்சம். என்னையும் அடக்கிவிட்டார்களோ, கபுறுக்குள் இவ்வளவு வெளிச்சமா என்றுகூட யோசித்தேன்.

"இதில யாரு நோயாளி?" டொக்டர் கேட்டார்.

நான் சாச்சியைக் காட்டினேன். சாச்சி என்னைக் காட்டினார்.

"அப்ப நஸீமா யாரு?"

"என்ட உம்மா. மவுத்து."

"இப்ப ஓம் எண்டு சொன்னது யாரு?"

"அது... உம்மாட பல்லு, டொக்டர்."

டொக்டர் மெல்ல ஒரு அடி பின்னால் போனார்.

சாச்சியோ பல்லைக் கழற்ற முடியாமல் கண் பிதுங்க நின்றார். நேர்ஸ் மிஸ்தான் கையுறையை மாட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "பயப்பட வேணாம். மூக்கால மூச்செடுங்க. நாக்க கீழ வைங்க." விரலை விட்டு ஏதோ செய்தார். பல் வெளியே வந்தது, கொஞ்சம் ரத்தத்தோடு.

"இது ஒரு ஆள்ட வாய அச்செடுத்துச் செய்ற சாமான். கூடப் பொறந்தாலும் சேராது. உங்களுக்குப் புதுசா அளவெடுப்பம்."

சாச்சி ரத்தம் கசிந்த முரசைத் தடவிக்கொண்டே தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்: "ராத்தாட வாய் இவ்வளவு சின்னமா? எங்களுக்கு ஏசக்குள்ள தெரியல்லியே!"

மிஸ் சிரித்தேவிட்டார். பிறகு பல்லைக் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வச்சிருந்திரிக்காங்க. எப்பிடிக் கழுவணும் எண்டு நான்தான் காட்டிக் குடுத்த." என் பக்கம் திரும்பினார். "உங்கட பல்லச் சுத்தி முரசு வீங்கி இரிக்கி. கடைசியா எப்ப பல்லு வெளக்கின?"

தினமும் காலையில் பிரஷில் பசை வைத்து "எழும்புடா" என்று நீட்டுவது உம்மா. உம்மா போன பிறகு பிரஷ் தானாக வரவில்லை. அது என் வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை.

மிஸ் ஒன்றும் ஏசவில்லை. ஒரு புது பிரஷைத் தந்து, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, "வட்டமா, மெதுவா" என்று சின்னப் பிள்ளைக்கு மாதிரிக் காட்டித் தந்தார். மீசை வைத்த ஒருவன் வாய் நிறைய நுரையோடு தேம்பித் தேம்பி அழுவதை வாங்கில் இருந்த எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். (பல் பிடுங்க வந்த ஒரு நானா பயந்து வீட்டுக்கே போய்விட்டார்.)

"இத என்ன செய்ற மிஸ்?" கோப்பையைக் காட்டிக் கேட்டேன்.

மிஸ் கோப்பையில் தண்ணீர் ஊற்றினார். "எறிய வேணாம். தண்ணிக்குள்ள வைங்க, காஞ்சா வளைஞ்சிரும். ஒவ்வொரு நாளும் காலைல தண்ணிய மாத்துங்க. மாத்தக்குள்ள உங்கட பல்லயும் வெளக்குங்க."

இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

சாச்சிக்குச் சொந்தப் பல் வந்துவிட்டது. பெருநாள் சாப்பாட்டில் யாராவது எலும்போடு மல்லுக்கட்டினால் உடனே சாச்சி "நஸீமா உம்மா!" என்று கூப்பிடுவார். சாப்பிடுகிற அத்தனை பேரும் "ஓம் மிஸ்!" என்பார்கள். முதல் பெருநாளில் நான் சாப்பாட்டை விட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். இந்தப் பெருநாளில் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னது நான்தான், முழுப் பல்லும் தெரிய.