ஆறுக்கு ஆறு

பம்பாயில் ஒருவன் எந்த வழியாக ஆபீஸ் போவான் என்பது அவன் பெண்டாட்டியைவிட நாங்கள் 'ஃபார்முலா' என்று கூப்பிட்ட மனிதருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அறுபதுகளில் அவரோடு மாட்டுங்கா மெஸ்ஸில் இருந்த நாங்கள் ஆறு பேரும் பிரம்மச்சாரிகள் என்பதால் மறுத்துச் சொல்ல வழியில்லை.

அந்தேரியில் ஏதோ போக்குவரத்து ஆபீஸில் அவருக்குப் புள்ளிவிவர வேலை. நடை, காத்திருப்பு, கூட்டம், அன்றைய மழை எல்லாவற்றையும் அவருடைய ஃபார்முலாவில் போட்டுப் பெருக்கிக் கூட்டினால், ஆள் போவது ரயிலிலா பஸ்ஸிலா என்று விடை வந்துவிடுமாம். கூட்டத்துக்கு மட்டும் எக்கச்சக்கமாக மதிப்புப் போட்டிருந்தார். தாதர் நெரிசலில் ஒருமுறை ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தவர் வேறென்ன செய்வார்?

சோதனையில் அந்த ஃபார்முலா தேறினால் டெல்லியில் பெரிய அதிகாரிகள் முன்னால் வாசிக்கலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். தினமும் காலையில் எங்கள் ஆறு பேர் வழியையும் சீட்டில் எழுதி, கவரில் போட்டு, ஊறுகாய் ஜாடிக்கடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். சாயங்காலம் விசாரணை.

முதல் மூன்று நாளும் ஆறுக்கு இரண்டுதான் தேறியது. மூன்று தடவை ரசம் கேட்கிற மனிதர் வெறும் மோரோடு எழுந்துவிட்டார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து அவர் குளிக்கிற நேரத்தில் கவரைப் பிரித்துப் பார்த்து, சீட்டில் இருந்தபடியே போனோம். ஒருத்தன் பாலம் ஏறி மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனுக்கு ஓடினான். ரயிலில் போகிற எனக்கு தினமும் பஸ் என்றிருந்தது. தெற்கே கோட்டைப் பகுதியில் இருந்த என் ஆபீஸ் வரை நின்றுகொண்டே போய், ஆறு நாளில் ஆறு லேட் மார்க் வாங்கினேன்.

ஆறு நாளும் ஆறுக்கு ஆறு. ஸ்வீட் வாங்கித் தருவார் என்று பார்த்தால் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு நாள் சரியா வரலாம். ஆறு நாளுமா? மனுஷா அப்படிப் போகமாட்டா, ஓய். யாரு கவரைப் பிரிச்சது?"

"நாங்கதான்," என்றேன். "நீர் சாப்பிடாம எழுந்து போனா எப்படிப் பார்த்துண்டு இருக்கறது?"

சோதனை செல்லாது என்று மேலதிகாரிக்கு அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். டெல்லி கைவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பிய என்னைக் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துப் போனார். மூச்சு விட இடமில்லாத பஸ். அவருக்கு ஒரு கையில் கம்பி, மறு கையில் கழற்றிய இரண்டு செருப்பும்.

"ஆறு நாள் எப்படி ஓய் நின்னீர்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவரைப் போல ஒரு மனிதரை அப்புறம் நான் பார்க்கவில்லை. அந்த பஸ் கோட்டைக்குப் போகிற பஸ். அவர் போக வேண்டிய அந்தேரி நேர் எதிர்த் திசையில் இருந்தது.