நீரூற்றில் விழாத மோதிரம்

சமாளிப்பாளர்கள் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. உண்மையைச் சொன்னால் ஒரே வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு ஒரு பொய்யை ஜோடித்து, அதற்குச் சட்டை போட்டு, தலைசீவித் தெருவில் நடக்கவிட்டு, பிறகு அதன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுகிறவர்கள். மில்லர்புரம் பாஸ்கல் இந்த இனத்தின் தலைமகன்.

அவருக்கு இப்போது ஜியோகேச்சிங் பித்து. யாரோ ஒளித்து வைத்த சின்ன டப்பாவை போன் காட்டும் வழியில் போய்க் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதி, பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியக்கூடாது. தூத்துக்குடியில் குனிந்து எதையாவது தேடுகிறவனைச் சும்மா விட்டுவிடுவார்களா?

ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவி கிளாடிஸைப் பேக்கரிக்கு மக்ரூன் வாங்க அனுப்பிவிட்டு, கடற்கரையோரம் வெள்ளைக்காரன் காலத்து நீரூற்றில், இரும்பு மீன்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார் பாஸ்கல்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?" என்றபடி வந்து நின்றார் சங்கு குளிக்கிற மனுவேல்.

ஒரு விளையாட்டு என்று சொன்னால் முடிந்தது. சொல்வாரா?

"கல்யாண மோதிரம் விழுந்துட்டுப்பா" என்றார், விரலில் கிடந்ததைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டபடியே.

போச்சு. கடலடியில் சங்கு எடுக்கிறவருக்கு முழங்கால் தண்ணீர் எம்மாத்திரம்? மனுவேல் பாசிக்குள் இறங்கிவிட்டார். பூசை முடிந்து வந்த எமில்டா அக்கா, தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோணியாருக்கு மன்றாட்டைத் தொடங்க, கூடிய கூட்டம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. பாஸ்கலும் உரக்கச் சொன்னார். உள்ளுக்குள் வேண்டியது வேறு: அந்தோணியாரே, எதுவும் கிடைத்துவிடக் கூடாது!

அந்தோணியார் ஊர்ப்பக்கம் சேர்ந்துகொண்டார்.

"கெடச்சிட்டு!" மனுவேல் மோதிரம் ஒன்றைத் துடைத்து, உள்பக்கம் பொறித்திருந்த பெயரை ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். "ஏஞ்சலின்!"

மக்ரூன் பொட்டலத்தோடு வந்து நின்ற கிளாடிஸ் கேட்டார்: "யாரு ஏஞ்சலின்?"

"ஐயோ, அது நம்மது இல்ல. நம்மது இங்கன பத்திரமா இருக்கு, பாரு."

"கல்யாண மோதிரத்தக் கழத்தி எதுக்குப் பைக்குள்ள வச்சிருக்கிய?"

இருபது வருடத் தாம்பத்தியம் ஆட்டம் கண்டதும்தான் பாஸ்கலுக்கு உண்மை ஞாபகம் வந்தது. "ஒரு டப்பா தேட வந்தேன், கிளாடிஸ். யாரோ ஒளிச்சு வச்சது. எடுத்துட்டு, திரும்ப அங்கனயே வச்சிரணும்."

"டப்பாக்குள்ள என்ன இருக்கும்?"

"ஒரு தாளு."

எமில்டா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "அந்தோணியாரே, இப்படியும் ஒரு பொய்யா!"

கிளாடிஸ் பொட்டலத்தை மனுவேலிடம் கொடுத்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறிப் போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று நண்பர் போன் செய்தபோது, தலையில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு, "பக்கத்துல வந்துட்டேன், சிக்னல்ல நிக்கேன்" என்று சொன்னது யார்?